மூணேகால் பெல்

1989 மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஆவடி வெயிலில் காக்காய்கள் நடந்துதான் போய்க்கொண்டிருந்தன; பறந்தால் இறக்கை பற்றிக்கொள்ளும் என்ற பயம். அந்த வெயிலில் ஒரு மெட்டடார் வேன் பாக்டரி குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தது. வேனில் ஒரு கட்டில், ஒரு பீரோ, யானைக்குட்டி கனத்தில் ஒரு கிரைண்டர். முன் சீட்டில் ஜேம்ஸ், பக்கத்தில் அவன் மனைவி வசந்தகுமாரி. ஜேம்ஸின் மடியில் சட்டம் போட்ட திரு இருதய ஆண்டவர் படம்.

"அதையும் பின்னாடி போட்டா என்ன? கைக்குழந்தை மாதிரி தூக்கிட்டு வர்றீங்க."

"கண்ணாடி உடையும்," என்றான் ஜேம்ஸ்.

கண்ணாடி உடைந்தால் பத்து ரூபாய்க்கு வேறு போட்டுக்கொள்ளலாம். அவன் பயம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. ஆண்டவருக்கும் அட்டைக்கும் நடுவில், கட்டைவிரல் நீளத்தில் ஒரு தேக்குச் சில்லு.

வீடு முதல் மாடியில். வாசல் கதவுக்குப் பக்கத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு காலிங் பெல் சுவிட்ச். சாமான் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பால்காரப் பார்வதம் படியேறி வந்துவிட்டாள். வெள்ளானூரிலிருந்து எருமைப் பால் கொண்டுவந்து குவார்ட்டர்ஸ் முழுக்க ஊற்றுகிறவள். பாலில் கலக்கிற தண்ணீரைவிட அதிகமாகச் செய்தி வைத்திருப்பாள்.

"நீங்கதான் புச்சா வந்துகீறீங்களாக்கா? இது தசரதன் ஊடாச்சே."

"எந்தத் தசரதன்?" என்றாள் வசந்தகுமாரி.

"பிரஸ்ல கை மாட்டிச் செத்தானே, எங்க ஊர்க்காரன். இந்த பெல்லுகூட அவன் மாட்டினதுதான். ரெண்டு கையும் இருந்தப்போ."

வசந்தகுமாரி புருஷனைப் பார்த்தாள். ஜேம்ஸ் சுவரில் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தெரியும். அலாட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்த அன்றே வீட்டு நம்பரைப் பார்த்து வியர்த்துவிட்டான். வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கலாம். ஏன் வேண்டாம் என்று ஆபீஸில் கேட்பார்கள். வீட்டில் இன்னும் சத்தமாகக் கேட்பார்கள்.

அன்றைக்குச் சாமானெல்லாம் ஏற்றி முடித்து, படத்தை மாட்டி, ஜேம்ஸ் தரையில் உட்கார்ந்தபோது வீட்டுக்குள் ஒரு வாசனை சுற்றியது. மிஷின் ஆயிலும் டெட்டாலும் கலந்த வாசனை.

மணி மூணேகால்.

ஜேம்ஸ் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் ஷாப்பில் சார்ஜ்மேன், ஆட்களை வேலை வாங்குகிறவன். பாக்டரியின் பேர் வேண்டாம். அது இன்னும் சங்கு ஊதிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே இருந்த பவர் பிரஸ் ஒன்று இறங்கினால் குமணன்சாவடியில் டீ கிளாஸ் ஆடும் என்பார்கள். அந்தப் பூதத்துக்கு ஒரு கடிவாளம் உண்டு. இரண்டு பக்கமும் இரண்டு பட்டன். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது. எவனோ புண்ணியவான் யோசித்துச் செய்திருக்கிறான்.

ஆனால் அப்படிச் செய்தால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். 1988 அக்டோபரில் ஒரு அவசர ஆர்டர் வந்தது. ஜேம்ஸ் ஒரு தேக்குச் சில்லை எடுத்தான், கத்தியால் சீவினான், முனை தடிப்பாக இருந்ததால் பல்லால் கடித்து ஒல்லியாக்கினான், வலது பட்டனை அமுக்கி அதன் இடுக்கில் சொருகினான். இனி இடது கை மட்டும் போதும். வலது கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம்.

"சார், இது சரியா?" என்று கேட்டான் தசரதன்.

"நான் சொல்றேன்ல, ஓட்டுப்பா."

தசரதன் ஓட்டினான். இரட்டை ஷிப்ட். இரண்டாம் நாள் மத்தியானம் மூணேகாலுக்கு அவன் கண் ஒரு நொடி சொருகியது. பிரஸ் அவன் வலது கைமேல் இறங்கியது.

எல்லாரும் தசரதனிடம் ஓடினார்கள். ஜேம்ஸ் பட்டனிடம் ஓடினான். சில்லைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து தசரதன் செத்துப்போனான். கட்டை இல்லாமல் அந்த பிரஸில் கை மாட்டாது என்று எல்லாருக்கும் தெரியும். விசாரணையில் ஜேம்ஸ் சொன்னது இரண்டு வரி. கட்டை வைத்தது தசரதனேதான், எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. இரண்டாவது வரி, அன்றைக்கு அவன் குடித்திருந்தான்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்கு நடந்தே போகிற மனுஷன் தசரதன். சாராய நாற்றம் வந்தால் தெருவை மாற்றிக்கொள்வான். பைலில் ஏறியது ஜேம்ஸின் வரிதான். சொந்தத் தப்பால் செத்தவன் பெண்டாட்டிக்கு வேலை கிடையாது, வீடும் கிடையாது. பத்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளானூருக்கு நடந்தாள். குடிகாரன் பெண்டாட்டி என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது.

தவக்காலத்தில் ஜேம்ஸ் பாவசங்கீர்த்தனம் செய்தான். பட்டாபிராம் பக்கத்துச் சின்னக் கோயில், ஜன்னல் வழியாகப் புழுதி, பாவம் கேட்கிற மரத்தொட்டிக்குள் ஃபாதர் சவரிநாதன். ஜேம்ஸ் ஒன்று விடாமல் சொன்னான், சொல்லிவிட்டு அழுதான். அழுகை நிஜம்தான்.



"சேசு மன்னிக்கிறார்," என்றார் ஃபாதர். "இத்தோட உனக்கு நரகம் இல்ல. ஆனா ஞானோபதேசத்துல படிச்சிருப்ப, நித்திய ஆக்கினை போனாலும் அநித்திய ஆக்கினை, கொஞ்ச காலத்துத் தண்டனை, இருக்கு. நீ சொருகினது இன்னும் சொருகினபடியே இருக்கு பாரு. அதை இங்கயே எடுத்துடு. இங்க எடுக்காட்டி, செத்தப்புறம் பாவக்கடன் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலத்துல எடுக்கணும். அங்க சூடு ஜாஸ்தி."

"அபராதம் என்ன சாமி?"

"மூணு ஜெபமாலை. அப்புறம், அந்த மனுஷன் பேரைத் திருப்பிக் குடு. எடுத்தவன் நீ, எங்க குடுக்கணும்னு உனக்கே தெரியும்."

குடுக்கிறேன் சாமி என்று ஜேம்ஸ் வாக்குக் கொடுத்தான். அன்று சாயங்காலமே மூன்று ஜெபமாலை சொன்னான். தாராளமாக நான்காவது ஒன்றும் சொன்னான். பேர் விஷயத்தை ஈஸ்டர் கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளினான். ஈஸ்டர் கழிந்தது. வீடு மாறுகிற வேலை வந்தது. நான்காவது ஜெபமாலையை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்றுகூட ஒரு யோசனை.

குடிவந்த மூன்றாவது சனிக்கிழமை பெல் அடித்தது.

ஒரு தடவை அடித்து நின்றால் ஆள். இது நிற்கவில்லை. ட்ர்ர்ர் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சாக அடித்தது. எதிர் பிளாக்கில் நாய் எழுந்து உட்கார்ந்தது. ஜேம்ஸ் கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை.

படிக்கட்டில் வெயில் மட்டும் பாதி தூரம் ஏறி நின்றது. மிஷின் ஆயில் வாசனை. பெல் அடித்துக்கொண்டே இருந்தது. ஜேம்ஸ் சுவிட்சைப் பார்த்தான்.

அமுங்கிய பட்டனின் இடுக்கில் ஒரு தேக்குச் சில்லு. முனையில் பல் தடம்.

அவன் உள்ளே ஓடி ஆண்டவர் படத்தைக் கழற்றி அட்டையைப் பிரித்தான். பின்னால் ஒன்றும் இல்லை.

"யாருங்க பெல்லுல?" என்றாள் வசந்தகுமாரி சமையலறையிலிருந்து.

"யாரோ விளையாடிட்டுப் போயிருக்காங்க."

"இந்த வெயில்லயா?"

மறுநாள் பூசை முடிந்ததும் சைக்கிளை அயனம்பாக்கத்துக்கு மிதித்தான். ஏரிக்கரையில் நின்று, பந்து வீசுகிறவன் மாதிரி கையைச் சுழற்றி, சில்லை நடு ஏரிக்கு எறிந்தான். அது விழுந்த இடத்தில் நாரை ஒன்று எழும்பிப் போனது. ஜேம்ஸ் நிம்மதியாக ஒரு கிளாஸ் மோர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அடுத்த சனிக்கிழமை மூணேகால்.

ட்ர்ர்ர்.

சில்லிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் இடுக்கில் ஆகாயத்தாமரை வேர் ஒன்று ஈரமாகத் தொங்கியது. சுவிட்சில் அவ்வளவு தண்ணீர் இறங்கியும் கரண்ட் போகவில்லை. பெல் கரகரத்த குரலில், சளி பிடித்தவன் மாதிரி, அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அடித்தது. ஜேம்ஸ் ஒயரைப் பிடுங்கினான். ஒயர் இல்லாமலும் அடித்தது. எலெக்ட்ரீஷியன் குணசேகரன் வந்து, கழற்றிக் கிடந்த ஒயரையும் அடிக்கிற பெல்லையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், இது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல," என்று சொல்லிவிட்டு ஸ்குரு டிரைவரைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனான். அந்த ஸ்குரு டிரைவரைக் கேட்டு அவன் திரும்ப வரவேயில்லை.

வசந்தகுமாரிக்குப் பொறுமை போயிற்று. "ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிச்சுடுங்க."

ஜேம்ஸுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. ஃபாதருக்கு எல்லாம் தெரியும். வருவார், பார்ப்பார், என்ன செய்யலாம் என்று வழி சொல்வார்.

ஒரு சனிக்கிழமை இரண்டரை மணிக்கு ஃபாதர் சவரிநாதன் வந்தார். வெள்ளை அங்கி, தீர்த்தச் செம்பு. அறை அறையாகத் தெளித்தார். கட்டிலுக்கு, பீரோவுக்கு, கிரைண்டருக்கு, எல்லாவற்றுக்கும் ஆசீர்வாதம். வாசலுக்கு வந்தபோது மணி மூணேகால் ஆனது.

அவர் கண் முன்னால் பட்டன் தானாக உள்ளே போயிற்று.

சில்லு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இல்லாமல் இருந்தது, அப்புறம் இருந்தது. பெல் அலறியது. ஃபாதர் குனிந்து அந்தப் பல் தடத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்தது. நிமிர்ந்து ஜேம்ஸின் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்தது.

ஜேம்ஸ் காத்துக்கொண்டு நின்றான்.

ஃபாதர் வாயை மூடிக்கொண்டார்.

தொட்டிக்குள் கேட்டதை வெளியே பேச ஒரு சாமியாருக்கு உரிமை கிடையாது. சொன்னவனிடமே கூடத் தானாக எடுத்துப் பேசக் கூடாது. தலையே போனாலும் கூடாது. ஜேம்ஸ் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பாடம்தான் அது. பயத்தில் மறந்துவிட்டான்.

"நான் சனிக்கிழமை சாயங்காலமெல்லாம் தொட்டியிலதான் உக்காந்திருப்பேன்," என்றார் ஃபாதர், இரண்டு பேருக்கும் பொதுவாக. "யார் வேணா வரலாம்." படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

ஜேம்ஸ் வேறு மாதிரி கணக்குப் போட்டான். ஃபாதருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் சொல்ல ஒன்றும் இல்லை. தன் பாவம் தீர்ந்தது, இது வேறு ஏதோ பேய். பக்கத்து வீட்டுக்கு வழி தெரியாமல் வந்த பேயாகக்கூட இருக்கலாம்.

விசேஷம் என்னவென்றால், அடுத்த சனிக்கிழமை பெல் அடிக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. நவம்பர் போயிற்று. ஜேம்ஸ் ஒரு சுற்றுப் பருத்தான்.

டிசம்பர் 24. கிறிஸ்துமஸ் வடைக்கு வசந்தகுமாரி உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஜேம்ஸ் கூடத்தில் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தான். சமையலறையில் கிரைண்டர் சத்தம். அவள் சுவிட்சை அணைத்தாள், சத்தம் நின்றது. கல்லில் ஒட்டிய மாவைத் தள்ள அவள் கையை உள்ளே விட்டிருப்பாள்.

டெட்டால் வாசனை வந்தது.

ஜேம்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

மூணேகால்.

கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.

அவன் எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. கையில் இருந்த ஸ்டாரோடு போனான். உருளை வசந்தகுமாரியின் வலது கையைத் தொட்டியோடு சேர்த்து நெருக்கிக்கொண்டு வந்தது. மணிக்கட்டிலிருந்து தொங்கிய இரண்டு வளையல் நசுங்கியாயிற்று. அவள் கத்தவில்லை, கல்லைப் பார்த்தபடி வாயைத் திறந்து வைத்திருந்தாள். சுவிட்ச் இடுக்கில் தேக்குச் சில்லு. ஜேம்ஸ் அதைப் பிடுங்கினான்.

கல் நின்றது.

மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால்.

"நிறுத்திட்டுத்தாங்க கையை வெச்சேன்," என்றாள் அவள் மெதுவாக. "நான்தாங்க நிறுத்தினேன்."

ஜேம்ஸ் அவள் கையை ஐந்து விரலும் இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்தான். பிறகு தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்து, நசுங்கிய வளையலைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"ஒரு பொம்பளையைத் தெருவுல விட்டுட்டு அவ வீட்ல என்னைக் குடிவெச்சிருக்கீங்க," என்றாள். "சைக்கிளை எடுங்க."

வெள்ளானூருக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். பத்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வா சார். பதினாலு மாசம் ஆச்சு."

ஜேம்ஸ் சில்லை அவள் முன்னால் வைத்தான். "இதை வெச்சது நான்தாம்மா. அவர் குடிக்கவும் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஆஸ்பத்திரில மூணு நாளும் சொல்லிகினே இருந்தாரு. பயந்துபோயி கட்டைய எடுத்து ஒளிச்சிட்டாரு, ஆனா ஜேம்ஸ் சார் நல்ல மனுசன், சொல்லிடுவாருன்னு. அவர் சொல்றவரிக்கும் நீ வாயத் தொறக்காதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினாரு." பத்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டாள். "நம்புற ஆளு சார் அவரு. நம்பிதான் கைய உட்டாரு."

ஜேம்ஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். "அதுக்காக என் பொண்டாட்டி கையைக் கேக்கலாமா அவரு? இன்னிக்குக் கிரைண்டர்ல..."

பத்மா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு யார் கையையும் கேக்கமாட்டாரு. கட்டைய வெச்சது யாரு? நீ. அது உன்னுது. நீ வெச்ச வேலைய அது செஞ்சிகினு கீது. அவரு வந்து பெல் அடிச்சு உன்ன எழுப்பிகினு இருந்திருப்பாரு. நீதான் சாமியாரக் கூட்டாந்து வாயக் கட்டிட்டியாமே, பார்வதம் சொன்னா."

கிறிஸ்துமஸ் மறுநாள் ஜேம்ஸ் நான்கு பக்கம் எழுதி, சில்லையும் சேர்த்து மேனேஜர் மேஜையில் வைத்தான். அப்புறம் நடந்ததெல்லாம் உலகத்துக் காரியம். சார்ஜ்மேன் பதவி போயிற்று. பழையபடி காக்கிச் சட்டையோடு மிஷினில் நின்றான். குவார்ட்டர்ஸைக் காலி செய்து அயனம்பாக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றுக்குப் போனார்கள். கேண்டீனில் அவன் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். பைலில் தசரதன் பேர் திருத்தி எழுதப்பட்டது. பத்மாவுக்கு ஸ்டோர்ஸில் அட்டெண்டர் வேலை. 1991-ல் அவளுக்கு வீடு கொடுத்தார்கள். அதே வீடு, அதே மாடி, அதே பெல்.

பெல் வாயைத் திறக்கவில்லை.

1994 பிப்ரவரியில் ஜேம்ஸ் நெஞ்சு வலியில் படுத்தான். ஃபாதர் கடைசி நேரத்து எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு பத்மா பார்க்க வந்தாள், பையில் நாலு சாத்துக்குடியோடு.

"பெல் அடிக்குதாம்மா?" என்றான்.

"இல்ல சார். நான் எப்பவோ மன்னிச்சிட்டேன். அவரும்தான்."

ஜேம்ஸ் சிரித்தான். சிரித்த முகத்தோடு இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்து முப்பதாம் நாள், ஒரு சனிக்கிழமை. பத்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ட்ர்ர்ர்.

மூணேகால். அவள் கதவைத் திறந்தாள். பட்டன் இடுக்கில் தேக்குச் சில்லு. ஆபீஸ் பைலோடு கட்டி வைத்த அதே சில்லு. எடுக்கக் கையை நீட்டியவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சில்லு சுட்டது.

அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி.

அவள் ஃபாதர் சவரிநாதனிடம் போய்க் கேட்டாள். "நான் மன்னிச்சிட்டேன், உங்க சாமியும் மன்னிச்சிட்டாரு. இன்னும் இன்னா பாக்கி சாமி?"

கிழவராகிவிட்ட ஃபாதர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு பூசை நோட்டை எடுத்து, ஆன்மா இளைப்பாற்றிக்கு என்ற இடத்தில் ஜேம்ஸ் என்று எழுதினார். எத்தனை பூசை என்ற இடத்துக்கு, ஜேம்ஸ் உண்மையை மறைத்து வைத்த மாதங்களை விரல் விட்டு எண்ணினார். பதினாலு என்று எழுதினார்.

மாதம் ஒரு பூசை. ஒவ்வொரு பூசைக்கும் பத்மா கோயிலின் கடைசி வரிசையில், தலையில் முக்காடு போடத் தெரியாமல், உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மாதமும் பெல் கொஞ்சம் சுருங்கியது. அரை மணி நேரம் அடித்தது கால் மணி ஆனது, கால் மணி ஒரு நிமிஷம் ஆனது.

பதினாலாவது பூசைக்கு அடுத்த சனிக்கிழமை. வெயிலுக்கு ஊர் முழுக்க வாய் மூடிக் கிடந்தது. பத்மா கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மூணேகால் ஆயிற்று.

பெல் அடிக்கவில்லை.

மூணு இருபது. மூணு இருபத்தஞ்சு.

அவள் பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தாள். சுவிட்ச் காலியாக இருந்தது. சில்லு கீழே, வாசற்படியில் கிடந்தது, யாரோ பிடுங்கி வைத்த மாதிரி. சுவிட்சுக்குப் பக்கத்துச் சுண்ணாம்பில் ஒரு கைத் தடம், கருகி, புகை நாற்றத்தோடு. வலது கை. பத்மா எண்ணினாள். ஐந்து விரலும் இருந்தன.

அவள் புருஷனுக்கு அந்தக் கை கிடையாது.

அவள் வெறும் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு கதவைவிட்டு ஒதுங்கி வழி விட்டாள்.

"வெயில்ல நிக்காத சார்," என்றாள். "உள்ள வா."

வாசலில் யாரோ பாக்டரி பூட்ஸைக் கழற்றும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. அப்புறம் இன்னொன்று.